வாங்கிய பழைய காரில் கோளாறா? போல்ட்டைக் கழட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திம்பம் மலையேறிக்கொண்டிருந்தோம். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டி வாங்கிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. பழைய கார் கடை ஒன்றில் வாங்கிய 2014 மாடல் பெட்ரோல் கார், விலை 3,10,000 ரூபாய். பின் சீட்டில் அம்மாவும் இரண்டு குழந்தைகளும். மொத்தம் 27 வளைவுகள் உள்ள காட்டு ரோடு அது. ஓரம் கட்டக்கூட இடம் தேடித்தான் நிறுத்த வேண்டும்.

அன்று மதியம் தொடங்கி, வண்டி சரியாகி வீட்டு வாசலுக்கு வர ஏழு வாரம் ஆனது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று தெரியாமல் அலைந்ததில்தான் அதில் பாதி போனது. மெக்கானிக்கிடம் விட்டால் உடனே கழட்டிவிடுவார் என்றிருந்த என்னை நிறுத்தியவர், சங்ககிரியில் லாரி ஓட்டும் என் மாமா. "மாப்ள, ஆக்சிடென்ட் ஆன லாரியில இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாக்காம ஒரு போல்ட்டக்கூடக் கழட்ட மாட்டோம். கழட்டிட்டா அப்புறம் நீ சொல்றதுக்கு என்ன சாட்சி?" என்று போனில் கேட்டார். இந்தக் கட்டுரையில் உள்ள மற்றதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

1. முதலில் வண்டியை நிறுத்துங்கள்

முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, பாதுகாப்பான இடம் கிடைத்ததும் இன்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும். முக்கால் மணி நேரமாவது ஆறட்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) விரிசல் விட்டுவிடக்கூடும். "ஒரு பாட்டில் தண்ணி ஊத்தி எடுத்துட்டு வந்துருங்க" என்று போனில் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மற்ற அறிகுறிகளுக்கும் அளவு உண்டு. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த நொடியே இன்ஜினை அணைக்க வேண்டும். மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் நிறுத்துங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்று அர்த்தம். பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே இறங்கினால் பத்தடிகூட நகர்த்தாதீர்கள்.

சேலம்–கோவை 544 போன்ற தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். மலை ரோட்டில் நாங்கள் தனியார் ரெக்கவரி வண்டியைத்தான் கூப்பிட்டோம். திம்பம் அடிவாரம் வழியாகக் கோபி வரை 3,500 ரூபாய். திரும்பிப் போகும் தூரமும் சேர்த்தா, இறக்குவதற்குத் தனிக் காசா என்று வண்டியை ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. முழுவதும் மேலே ஏற்றும் வண்டியைத்தான் கேட்க வேண்டும்.

2. அன்றைக்கே போனில் பதிவு செய்யுங்கள்

வண்டி நின்ற இடத்திலேயே வீடியோ எடுங்கள். டாஷ்போர்டு விளக்குகள், ஓடிய கிலோமீட்டர், புகை, சத்தம், கீழே சொட்டும் தண்ணீர், நம்பர் பிளேட் எல்லாம் ஒரே ஓட்டத்தில் வெட்டாமல் வரட்டும். வாங்கிய பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்பது பின்னால் பெரிய கேள்வியாகும். நான் ஓட்டியது 540 கிலோமீட்டர். டெலிவரி எடுத்த அன்று காரோடு எடுத்துக்கொண்ட போட்டோவில் மீட்டரும் தெரிந்தது என் நல்ல நேரம்.

இன்னொன்றையும் அன்றிரவே செய்யுங்கள். வண்டி விற்பனைக்கு வந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "இன்ஜின் கண்டிஷன் சூப்பர், ஒரு ரூபாய் செலவில்லை" என்று எழுதியிருந்தது. விற்ற கடைக்கு நான் போன் செய்த மறுநாள் அந்த விளம்பரம் காணாமல் போயிருந்தது.

விற்றவரிடம் பேசுவதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் செய்யுங்கள். போனில் பேசினாலும், வைத்ததும் "இப்போது நீங்கள் சொன்னபடி..." என்று சுருக்கமாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

3. கோளாறு என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டியது இதுதான். விற்றவர் சொல்லும் மெக்கானிக்கும் வேண்டாம், உங்கள் சொந்தக்கார மெக்கானிக்கும் வேண்டாம். அவர் ஆளை நீங்கள் நம்ப முடியாது, உங்கள் ஆளை அவர் நம்பமாட்டார். அதே ஊர் வியாபாரிக்கு எதிராக அதே ஊர் மெக்கானிக் எழுதித் தரத் தயங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது, இருவரும் தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள். அதனால் அடுத்த ஊருக்குப் போங்கள். நான் வண்டியை ஈரோட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். கூடுதல் செலவுதான், ஆனால் அந்த ஒரு தாள்தான் கடைசியில் வேலை செய்தது.

அங்கே வயதான ஒரு மெக்கானிக் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அதன் உள்பக்கத்தை ஆள்காட்டி விரலால் வழித்துக் காட்டினார். ஆறிப்போன டீயில் படியும் ஆடை மாதிரி, வெளிறிய காப்பி நிறத்தில் விரலில் ஒட்டியது.

"வண்டி எடுத்து எத்தன நாளாச்சுங்க?"

"பதினோரு நாளுங்கண்ணா."

"இது பதினோரு நாள்ல வர்ற கோளாறு இல்லீங்க. தண்ணியும் ஆயிலும் கலந்து ரொம்ப நாளாச்சு." அப்புறம் ரேடியேட்டர் பக்கம் கையைக் காட்டினார். "தெர்மோஸ்டாட்டையே காணோம் பாருங்க. ஃபேனுக்கு நேரா ஒயர் குடுத்திருக்காங்க, சாவி போட்டாலே சுத்தும். சமவெளியில ஓட்டினா சூடே தெரியாது. மலை ஏறினாத்தான் தெரியும்."

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் சின்ன வால்வு. அதைக் கழட்டிவிட்டால் தண்ணீர் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள இன்ஜின் பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போன வண்டிகூட கோபியிலிருந்து ஈரோடு வரை குளிர்ச்சியாக ஓடும். வாங்கும்போது ஓட்டிப் பார்த்த எட்டுக் கிலோமீட்டரில் முள் கால்வாசிக்கு மேல் ஏறவே இல்லை. நல்ல வண்டி என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அதுதான் எச்சரிக்கை. பத்து நிமிடம் ஓட்டிய பிறகும் முள் பாதிக்கு வரவில்லை என்றால் கேள்வி கேளுங்கள்.

என்ன பரிசோதனைகள் கேட்பது? ஸ்கேனர் போட்டுப் பார்க்க 500, ரேடியேட்டர் பிரஷர் டெஸ்ட்டுக்கு 300, கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கு 800 ரூபாய் கொடுத்தேன். ஸ்கேனரில் வெறும் எர்ரர் கோடு (கோளாறைக் காட்டும் குறியீடு) மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள். 'ரெடினெஸ்' என்ற பக்கத்தையும் பார்த்துப் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். வண்டியின் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்து முடித்த பட்டியல் அது. வண்டி கைக்கு வந்த நாளிலேயே அதில் பல 'முடியவில்லை' என்று இருந்தால், சமீபத்தில் யாரோ எர்ரர் கோடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழட்டியிருக்கிறார்கள். அழித்த விளக்கு சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு திரும்ப எரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

மெக்கானிக் எழுதித் தரும் தாளில் இவை இருக்க வேண்டும்: தேதி, வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், மீட்டர் அளவு, செய்த பரிசோதனைகளும் அளவுகளும், கோளாறு எவ்வளவு நாள் பழையது என்பதற்கு அவர் காணும் காரணம், சரிசெய்ய ஆகும் தோராயச் செலவு, ஒர்க்‌ஷாப் முத்திரை, கையெழுத்து. "வண்டி சரியில்லை" என்று ஒற்றை வரியில் எழுதிய தாளால் பயனில்லை.

அடுத்து, அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லாவிட்டால் தயங்குவார்கள். விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டிப் பொறுமையாகக் கேளுங்கள். எனக்குக் கிடைத்த ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டு), எட்டு மாதம் முன்பே "கூலன்ட் குறைகிறது, ஹெட் கழட்டிப் பார்க்கப் பரிந்துரை, வாடிக்கையாளர் வேண்டாம் என்றார்" என்று இருந்தது. மீட்டரைத் திருப்பியிருந்தாலும் இங்கேதான் பிடிபடும். அப்படியே உங்கள் சேஸிஸ் நம்பருக்கு கம்பெனி ஏதாவது ரீகால் (தயாரிப்புக் குறையைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைப்பது) அறிவித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அந்த வேலை இலவசம்.

4. யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் வழி

கடை வைத்து வியாபாரம் செய்பவர், ஆன்லைன் கம்பெனி, தனி மனிதர் என்று மூன்று வகை. முதல் இரண்டு பேர் மீதும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி போகலாம். தெரிந்த விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பதும் அந்தச் சட்டத்தில் சேவைக் குறைபாடாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தன் சொந்தக் காரை விற்ற தனி மனிதர் வியாபாரி அல்ல, அவர் மீது நுகர்வோர் ஆணையம் போக முடியாது. வக்கீல் நோட்டீஸ், சிவில் கோர்ட் என்றுதான் போக வேண்டும். அதற்கு ஆகும் காலத்தையும் செலவையும் பார்த்தால், 40,000 ரூபாய்க்குக் கீழான கோளாறுக்குப் பேசி முடிப்பதே நல்லது என்பது என் கருத்து.

தரகர் நடுவில் இருந்தால் ரசீது யார் பெயரில் என்று பாருங்கள். நம் பக்கம் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்தே விலை முடித்துப் பழகியவர்கள், வாய்ப்பேச்சுக்கு மதிப்பு கொடுப்பவர்கள். காருக்கு அது உதவாது. "3 லட்சத்துக்கு எதுக்குங்க பில்லு, 1.5 போட்டுக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு நீங்கள் கொடுத்ததாக நிரூபிக்க முடிவது அந்த 1.5 மட்டும்தான். முழுப் பணமும் வங்கி வழியாகப் போகட்டும்.

2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. வண்டியைத் தங்கள் வசம் எடுத்ததை படிவம் 29சி மூலம் தெரிவித்தால், அதன் பிறகு அந்த வண்டிக்கு அவர்களே பொறுப்பு. "நாங்க சும்மா நடுவுல நின்னோம், ஓனரைக் கேளுங்க" என்று ஒருவர் கைகழுவும்போது, இந்த இரண்டு தாள்களையும் கேளுங்கள்.

வாரன்டி கொடுத்திருந்தால் முழுதாகப் படியுங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் மட்டும் என்றிருக்கும். கிளட்ச், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் பெரும்பாலும் வெளியே. வெளியில் கழட்டினால் வாரன்டி ரத்து என்ற வரியும் இருக்கும். மாமா சொன்னது அங்கேயும் பொருந்துகிறது.

5. தேதி குறிப்பிட்டுக் கடிதம் எழுதுங்கள்

வக்கீல் தேவையில்லை. நான் எழுதியது இவ்வளவுதான்:

"... தேதியில் தங்களிடம் ரூ. 3,10,000 கொடுத்து வாங்கிய ... எண் வாகனம், 540 கி.மீ. ஓடிய நிலையில் ... தேதி இன்ஜின் கொதித்து நின்றது. பரிசோதனை அறிக்கை இணைத்துள்ளேன். ஹெட் கழட்டப்பட வேண்டும். தாங்களோ தங்கள் மெக்கானிக்கோ நேரில் பார்ப்பதற்காக ... தேதி காலை 11 மணி வரை வாகனம் கழட்டப்படாமல் ... ஒர்க்‌ஷாப்பில் இருக்கும். வராவிட்டால் அதன்பின் வீடியோ பதிவுடன் பழுது நீக்கப்படும். அந்தச் செலவைத் தாங்கள் ஏற்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்."

ஏழு நாள் அவகாசம் கொடுத்தேன். வாட்ஸ்அப், மின்னஞ்சல், ஸ்பீட் போஸ்ட் மூன்றிலும் அனுப்பினேன். போஸ்ட் ரசீதையும், டெலிவரி ஆனதைக் காட்டும் விவரத்தையும் அன்றே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் திட்டு, மிரட்டல் எதுவும் வேண்டாம். முகநூலில் கடைப் பெயரைப் போட்டு எழுதத் தோன்றும், அதையும் தவிருங்கள். பேச்சு கோளாறை விட்டு மானநஷ்டத்துக்குப் போய்விடும்.

வண்டி பத்து நாள் சும்மா நிற்குமே என்று மனம் அடித்துக்கொள்ளும். எனக்கும் அடித்துக்கொண்டது. ஒர்க்‌ஷாப்காரரிடம் இடவாடகை உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

6. இப்போது கழட்டலாம்

சொன்ன தேதிக்கு யாரும் வரவில்லை. ஹெட் தூக்குவதை நின்று வீடியோ எடுத்தேன். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கெட் கருகி அறுந்திருந்தது. ஹெட்டைக் கோவையில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பி, விரிசல் இருக்கிறதா என்று அழுத்தத்தில் சோதித்து, ஃபேஸிங் செய்து (அடிப்பரப்பைச் சமமாக இழைத்து) வாங்கினோம். விரிசல் இல்லை. இருந்திருந்தால் செலவு இரட்டிப்பாகியிருக்கும்.

எனக்கு ஆன செலவு: கேஸ்கெட் செட் 3,200, ஹெட் சோதனையும் ஃபேஸிங்கும் 1,800, புது ஹெட் போல்ட் 1,200, தெர்மோஸ்டாட் 900, வாட்டர் பம்ப் 2,100, ரேடியேட்டர் 3,800, ஆயிலும் ஃபில்டரும் கூலன்ட்டும் 3,400, கூலி 7,000. மொத்தம் 23,400 ரூபாய். வண்டிக்கு வண்டி இது மாறும். டீசல் என்றால் கூடும். ஆனால் இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிய பில்தான் வாங்க வேண்டும்.

பழைய கேஸ்கெட், போல்ட் எல்லாவற்றையும் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வழக்கு முடியும் வரை பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. "இதுக்கு இவ்வளவு செலவு எதுக்கு, பழைய இன்ஜின் ஒண்ணு இருக்கு, மாத்திரலாம்" என்று சொல்வார்கள். இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு பில் இல்லாவிட்டால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

7. இதற்கிடையில் ஆர்.சி.யும் இன்சூரன்ஸும்

கோளாறில் மூழ்கி நான் கோட்டை விட்டது இதை. படிவம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்து, கடன் இருந்திருந்தால் படிவம் 35-உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். சண்டை பெரிதானால் விற்றவர் கையெழுத்து போட இழுத்தடிப்பார். அதனால் முதல் கடிதம் போகும் முன்பே கையெழுத்துகளை வாங்கிவிடுங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுத வேண்டும். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிரமம். எங்கள் பாலிசியில் ரோட்டோர உதவி இருந்தும், பெயர் வேறு என்று திம்பத்தில் மறுத்துவிட்டார்கள். முந்தைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடுதான் போகும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும். சாதாரண பாலிசி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

8. பணம் வராவிட்டால்

பில்லை இணைத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து இரண்டாவது கடிதம் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அதுவே சில கடைகளை அசைக்கும்.

அதற்கும் பதில் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வண்டி கோவையில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனாகவும் தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அதைவிடக் கூடுதல் காலத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். விற்பனைத் தாளில் "உள்ளது உள்ளபடி" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட, தெரிந்தே மறைத்தார் என்று வாதிட இடம் இருக்கிறது. ஜாப் கார்டும், நேரே ஒயர் கொடுத்த ஃபேனின் வீடியோவும் அதற்குத்தான்.

என் விஷயத்தில் மனு வரை போகவில்லை. இரண்டாவது கடிதம் சேர்ந்த ஆறாம் நாள் கடைக்காரர் பேசினார். 10,000-இல் ஆரம்பித்து 16,000-க்கு வந்தார். மீதிக்கு நின்றிருக்கலாம். மில்லில் லீவு எடுத்து அலைய முடியாததால் ஒத்துக்கொண்டேன்.

பேசி முடிக்கும்போது ஒரு தாள் நீட்டுவார்கள். "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று அதில் இருக்கும். பணம் கணக்கில் ஏறும் வரை கையெழுத்து வேண்டாம். "ஹெட் கேஸ்கெட் பழுது தொடர்பாக மட்டும்" என்ற வார்த்தைகளைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நான் சேர்க்கச் சொன்னேன். கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு, தன் பேனாவாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.